சுவிஸ்ஏரின் சிறு விமானங்கள்

2002 ஏப்ரல் 1 அன்று பிரேசிலின் சாவோ பாவ்லோவிலிருந்து வந்த விமானம் ஒன்று சூரிக்கில் தரையிறங்கியது. சுவிஸ்ஏர் என்ற பெயரில் பறந்த கடைசி விமானம் அதுதான். சூரிக்கின் ஆட் அஸ்ட்ரா ஏரோவும் பாசெலின் பாலேரும் இணைந்து 1931 மார்ச் 26 அன்று தொடங்கிய நிறுவனம், 71 ஆண்டு பறந்து ஓய்ந்தது. ஆனாலும் சுவிஸ்ஏர் விமானங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. துத்தநாகக் கலவையில் வார்த்து, வாலுக்குச் சிவப்புப் பூசி, அதன்மேல் வெள்ளைச் சிலுவை பதித்து, கைக்கு அடக்கமான பெட்டிகளில் போட்டு விற்கிறார்கள். வாங்குவதற்குப் பல நாடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள்.

இல்லாமல் போன ஒரு நிறுவனத்தின் விமானங்களை எதற்குச் சேர்க்க வேண்டும்? பழைய நாட்களின் ஏக்கம் என்று சொல்லிவிடலாம். சுவிட்சர்லாந்தில் அந்த ஏக்கம் உண்மையாகவே இருக்கிறது. ‘பறக்கும் வங்கி’ என்று பெயர் வாங்கிய நிறுவனம் அது. அதன் வாலில் இருந்தது நாட்டின் கொடி. ஆனால் அது நின்றபின் பிறந்தவர்களும் இன்று சேர்க்கிறார்களே, அவர்களுக்கு ஏங்க என்ன இருக்கிறது? என் பார்வையில் காரணம் வேறு. இயங்கும் நிறுவனத்தைச் சேர்ப்பவர் அதன் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது புது விமானம் வாங்கும், வண்ணத்தை மாற்றும், பெயரைத் திருத்தும். நிறுவனம் நின்றுவிட்டால் பட்டியல் மூடப்படுகிறது. எத்தனை விமானங்கள், எந்தப் பதிவெண்கள், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பதெல்லாம் முடிந்த கணக்கு. அதன்பின் ஒவ்வொரு மாதிரியையும் ஆதாரத்தோடு ஒப்பிட்டு, இது சரி, இது தவறு என்று சொல்ல முடியும். சேகரிப்பு அங்கேதான் வரலாற்று ஆய்வாகிறது. சுவிஸ்ஏர் இதற்கு மிக நல்ல உதாரணம், ஏனென்றால் அதன் விமானப் பட்டியல் அவ்வளவு விசேஷமானது.

சிறிய நாட்டின் நிறுவனமாக இருந்தும் புது ரக விமானங்களை முதலில் வாங்கிப் பார்க்கும் துணிச்சல் அதற்கு இருந்தது. 1932-இல் லாக்ஹீட் ஒரையன் விமானங்களை அமெரிக்காவிலிருந்து வாங்கி ஐரோப்பியப் போட்டியாளர்களை வேகத்தில் முந்தியது. 1934-இல் நெல்லி டீனர் என்ற பெண்ணைப் பணிப்பெண்ணாக நியமித்தது. ஐரோப்பாவின் முதல் விமானப் பணிப்பெண் அவர். 1980-இல் எம்டி-80 வரிசையின் முதல் விமானத்தைப் பெற்றது. 1983-இல் மேல்தளம் நீட்டப்பட்ட போயிங் 747-300-ஐ உலகில் முதலில் பறக்கவிட்டது. அதே ஆண்டு லுஃப்தான்சாவோடு சேர்ந்து ஏர்பஸ் ஏ310-இன் முதல் விமானங்களைப் பெற்றது. 1988-இல் ஃபோக்கர் 100-உம் முதலில் இங்கேதான் வந்தது. ஆக, சுவிஸ்ஏர் மாதிரிகளை வரிசையாக வைத்தால், பயணிகள் விமானம் இருபதாம் நூற்றாண்டில் எப்படி வளர்ந்தது என்பதில் பாதிக் கதை ஒரே அலமாரியில் வந்துவிடும்.

மாதிரிகள் முதலில் சேகரிப்பாளர்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. விமான நிறுவனங்கள் தங்கள் நகர அலுவலகங்களின் கண்ணாடி முகப்பிலும் பயண முகவர்களின் மேசையிலும் வைப்பதற்காகப் பெரிய மாதிரிகளைச் செய்யச் சொல்லின. இங்கிலாந்தின் வெஸ்ட்வே, ஸ்பேஸ் மாடல்ஸ் போன்ற பட்டறைகளும் நெதர்லாந்தில் ரோட்டர்டாமின் பட்டறைகளும் இதில் பெயர் பெற்றவை. 1:100 அளவில் ஒரு டிசி-8 சுமார் 46 சென்டிமீட்டர் நீளம் வரும். பக்கச் சுவரை வெட்டித் திறந்து உள்ளே இருக்கை வரிசைகளைக் காட்டும் மாதிரிகளும் உண்டு. விமானத்தையே பார்த்திராத வாடிக்கையாளருக்கு அது கண்ணெதிரே நின்று வாக்குறுதி கொடுத்தது. அலுவலகம் மூடும்போதோ விமான ரகம் மாறும்போதோ இவை பரணுக்குப் போயின, அங்கிருந்து பழைய பொருள் சந்தைக்கு வந்தன. இன்று ஏலத்தில் அதிக விலை போகிறவை இவைதான்.

சிறிய மாதிரிகளின் காலம் பிறகு வந்தது. நியூரம்பெர்க் வட்டாரம் பல தலைமுறைகளாகப் பொம்மைத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே ஷூக்கோவும் அதன்பின் ஷாபாக்கும் 1:600 அளவில் உலோக விமானங்களை வார்த்தன. 1990களின் தொடக்கத்தில் பவேரியாவின் ஹெர்பா 1:500 வரிசையைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு தென்சீனத் தொழிற்சாலைகளில் வார்க்கப்பட்ட 1:400, 1:200 மாதிரிகள் சந்தையைப் பிடித்தன. 747-300-இன் உண்மையான நீளம் 70 மீட்டருக்குச் சற்று மேல். 1:400-இல் அது பதினேழரை சென்டிமீட்டர். அதே அளவில் ஒரு டிசி-3 ஐந்து சென்டிமீட்டரைத் தொடாது. ஒரே அளவுவிகிதத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் சேகரிப்பாளருக்குக் கிடைக்கும் பெரிய பலன் இதுதான்: 1937-இன் டிசி-3-ஐயும் 1983-இன் 747-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 46 ஆண்டில் நடந்ததைக் கண்ணால் அளந்துவிடலாம்.

அச்சின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ளாமல் இந்தச் சேகரிப்பைப் புரிந்துகொள்ள முடியாது. உருகிய துத்தநாகக் கலவையை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தும் எஃகு அச்சைச் செய்வதற்குத்தான் பெருஞ்செலவு. ஒருமுறை செய்த அச்சில் வார்த்ததற்குப் பல நிறுவனங்களின் வண்ணங்களைப் பூசி விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். அதனால் உலகமெங்கும் பறந்த 747-க்கும் ஏ320-க்கும் நல்ல அச்சுகள் பல இருக்கின்றன. சிலரே பறக்கவிட்ட விமானத்துக்கு அச்சு கிடைப்பது அரிது. நெல்லி டீனர் பணியாற்றிய கர்ட்டிஸ் காண்டோர், சுவிஸ்ஏருக்கென்றே செய்யப்பட்ட ஒற்றை விமானம். அதற்கு யார் எஃகில் அச்சு வெட்டுவார்கள்? இதனால் அலமாரியில் ஒரு சாய்வு விழுகிறது. ஜெட் காலம் நெருக்கியடித்து நிற்கும், 1930கள் வெறிச்சென்று கிடக்கும். சந்தை உண்டாக்கிய இந்த இடைவெளியை வரலாறு என்று நம்பிவிடக் கூடாது.

கான்வேர் 990 அந்தச் சாய்வுக்கு ஒரு நல்ல விதிவிலக்கு. மொத்தம் 37 மட்டுமே செய்யப்பட்ட விமானம் இது. அமெரிக்காவின் ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனம் தன் 880, 990 ரகங்களில் இழந்த தொகை அந்தக் காலத்தின் மிகப் பெரிய தொழில் நட்டங்களில் ஒன்று. ஆனால் சுவிஸ்ஏர் இதைக் ‘கொரோனாடோ’ என்று பெயர் சூட்டி 1962 முதல் 1975 வரை தூரக் கிழக்குக்கும் ஆப்பிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் பறக்கவிட்டது. சுவிட்சர்லாந்தில் அதன்மேல் இன்றும் தனிப் பிரியம் உண்டு. அதனால் அச்சும் உண்டு.

என் மேசையில் 1:400 கொரோனாடோ ஒன்று நிற்கிறது, பத்தரை சென்டிமீட்டர். பெரும்பாலானவர்கள் முதலில் வாலைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது இறக்கையின் பின்விளிம்பை. அங்கே பக்கத்துக்கு இரண்டாக நான்கு நீண்ட குமிழ்கள், இறக்கையின் மேல்புறத்திலிருந்து பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இறக்கைமேல் எழும் அதிர்வலையைத் தள்ளிப்போடுவதற்காக வைத்தவை. உள்ளே எரிபொருளும் நிரப்பினார்கள். அடுத்துப் பார்க்க வேண்டியது எஞ்சின் கூடு. பொதுவாக ஜெட் எஞ்சினின் விசிறி முன்னால் இருக்கும், எனவே கூடும் முன்பக்கம் பருத்திருக்கும். இந்த விமானத்தின் ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சினில் விசிறி பின்னால் இருந்தது. கூடு முன்னால் ஒடுங்கிப் பின்னால் பருக்க வேண்டும். வேறு விமானத்தின் எஞ்சினை ஒட்டிச் சமாளித்திருந்தால் இங்கே பிடிபட்டுவிடும். என்னுடையதில் எஞ்சின் சரியாக வந்திருக்கிறது. குமிழ்களின் முனை மட்டும் உண்மையைவிடச் சற்று மழுங்கல், ஏனென்றால் இத்தனை சிறிய அளவில் கூர்முனையை வார்த்தால் உடைந்துவிடும்.

இப்படித் தவிர்க்க முடியாத பொய்கள் ஒவ்வொரு மாதிரியிலும் இருக்கும். விமானத்தின் உடல்தகடுகளுக்கு இடையில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், 1:400-இல் அது 0.025 மில்லிமீட்டர். கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் மாதிரியில் கோடு கீறுகிறார்கள், கோடில்லாத விமானம் சோப்புக் கட்டிபோலத் தெரியும் என்பதால். நல்ல பட்டறை எந்தப் பொய்யைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று தெரிந்து வைத்திருக்கிறது. 747-400-இன் அச்சையே எடுத்து 747-300 என்று விற்றால், இறக்கை நுனியில் நிமிர்ந்து நிற்கும் சிறகு காட்டிக்கொடுக்கும். 747-300-க்கு அது கிடையாது. இந்த மாதிரிப் பிழையை மன்னிக்க என்னால் முடியவில்லை. உலகில் முதலில் பறந்த 747-300-ஐச் செய்வதாகச் சொல்லிக்கொண்டு, அதை அதுவாக்கும் உருவத்தையே தவறாகச் செய்வது வேலையில் அக்கறை இல்லாததைத்தான் காட்டுகிறது.

வண்ணத்தில்தான் தேதி ஒளிந்திருக்கிறது. பழைய சுவிஸ்ஏர் விமானங்களின் சன்னல் வரிசையில் சிவப்புப் பட்டை ஓடியது. பாசெலைச் சேர்ந்த வடிவமைப்பாளர் கார்ல் கெர்ஸ்ட்னர் நிறுவனத்தின் தோற்றத்தை மாற்றியமைத்தபின், 1980களில் அந்த இடத்துக்குப் பழுப்புப் பட்டை வந்தது. இதை வைத்தே ஒரு மாதிரியை விசாரிக்கலாம். கொரோனாடோ 1975-இல் ஓய்வு பெற்றது, அதற்குப் பழுப்புப் பட்டை வர வழியில்லை. 747-300 வந்ததே 1983-இல், அதற்குச் சிவப்புப் பட்டை இருந்திருக்க முடியாது. 1972-இல் வந்து 1990களின் தொடக்கம் வரை பறந்த டிசி-10-க்கு இரண்டும் பொருந்தும். அங்கேதான் எந்த ஆண்டு என்ற கேள்வி எழும். சேகரிப்பாளர் அடுத்துத் தேடிப் போவது விமானநிலைய வேலியோரம் நின்று படம் பிடித்தவர்களின் தேதியிட்ட ஸ்லைடுகளை. 1990களின் நடுவில் தைப்பேவுக்குப் பறந்த சுவிஸ்ஏர் ஏஷியாவின் எம்டி-11-க்கு மட்டும் சிவப்பு வாலில் சிலுவைக்குப் பதிலாக, சுவிட்சர்லாந்தைக் குறிக்கும் சீன எழுத்து இருந்தது. சீனாவுக்கும் பறக்க வேண்டும், தைவானுக்கும் பறக்க வேண்டும் என்றால் நாட்டின் கொடியைத் தைவானில் காட்டக் கூடாது. ஒரு ராஜதந்திரச் சிக்கல் முழுவதும் அந்த மாதிரியின் வாலில் இருக்கிறது.

இந்தத் துல்லியத்துக்கெல்லாம் பின்னால் இருப்பது அச்சிடும் முறை. உலோகத் தட்டில் குடைந்த உருவத்தில் மையை நிரப்பி, மெத்தென்ற சிலிக்கோன் திண்டை அதன்மேல் அழுத்தி எடுத்து, வளைந்த உடலின்மேல் ஒற்றுகிறார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு தட்டு, ஒவ்வொரு ஒற்றலும் முன்னதன்மேல் இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். அரை மீட்டர் உயர எழுத்து 1:400-இல் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அந்த அளவில்தான் பின்பக்கத்தில் பதிவெண் இருக்கிறது.

சேகரிப்பாளர்கள் பூதக்கண்ணாடியை எடுப்பது அந்தப் பதிவெண்ணுக்காகத்தான். ‘எச்பி’ என்று தொடங்கினால் சுவிட்சர்லாந்து. அதற்குப் பின்வரும் மூன்று எழுத்துகள் ஒரு ரகத்தை ஒரே ஒரு விமானமாக ஆக்கிவிடுகின்றன. சுவிஸ்ஏர் தன் விமானங்களுக்கு மாநிலங்களின், நகரங்களின் பெயர்களையும் வைத்தது. எச்பி-ஐசிசி என்றால் ‘சாங்க்ட் காலன்’ என்ற கொரோனாடோ; அது இன்று லூசெர்ன் நகரின் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. போய்த் தொட்டுப் பார்க்கலாம். எச்பி-ஐசிடி என்றாலும் கொரோனாடோதான், ‘பாசெல்-லாண்ட்’. 1970 பிப்ரவரி 21 அன்று சூரிக்கிலிருந்து டெல் அவீவுக்குக் கிளம்பிய அதன் சரக்கறையில் குண்டு வெடித்தது. வூரன்லிங்கன் அருகே காட்டில் விழுந்து 47 பேர் இறந்தார்கள். ஒரே அச்சு, ஒரே வண்ணம். கடைசி எழுத்து மட்டும் வேறு. அதே ஆண்டு செப்டம்பரில் ‘நிட்வால்டன்’ என்ற டிசி-8, எச்பி-ஐடிடி, ஜோர்டான் பாலைவனத்துக்குக் கடத்தப்பட்டு, பயணிகள் இறக்கப்பட்டபின் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

கேரவெல் எச்பி-ஐசிவி ‘ஷாஃப்ஹவுசன்’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1963 செப்டம்பர் 4 காலை சூரிக்கில் பனிமூட்டம். விமானி எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டி, அந்த வெப்பத்தால் ஓடுபாதைப் பனியைக் கலைத்துக்கொண்டே விமானத்தை ஓட்டினார். அப்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது. பிரேக் கொதித்துச் சக்கர விளிம்பு வெடித்தது, வானேறியபின் சக்கர அறையில் தீ பிடித்தது. டூரனெஷ் ஊருக்கருகே விமானம் விழுந்து 80 பேரும் மாண்டார்கள். அவர்களில் 43 பேர் ஹும்லிகோன் என்ற ஒரே சிற்றூரைச் சேர்ந்தவர்கள். ஊரின் மக்கள்தொகையே இருநூற்றுச் சொச்சம். விவசாயக் குடும்பங்கள் ஜெனீவா பக்கம் ஒரு சோதனைப் பண்ணையைப் பார்த்துவரக் கூட்டாகக் கிளம்பியிருந்தார்கள். கணவன் மனைவி இருவரும் போன வீடுகள் பல. பெற்றோரை இழந்த பிள்ளைகளும் அறுவடைக்கு நின்ற வயல்களும் மிஞ்சின.

எச்பி-ஐசிவி என்று எழுதிய கேரவெலை அலமாரியில் வைக்கலாமா? சேகரிப்பாளர்கள் இதில் ஒத்துப்போவதில்லை. விபத்துக்குள்ளான பதிவெண்ணைத் தொடவே மாட்டேன் என்பவர்கள் இருக்கிறார்கள். அதைத்தான் முக்கியமாக வைக்க வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம். தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் வரிசைப்படுத்தினால் அது நிறுவனத்தின் விளம்பரப் பலகையாகிவிடும், வரலாறாகாது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த மாதிரியின் பக்கத்தில் ஹும்லிகோன் என்ற பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத மனமில்லாதவர் அதை வாங்காமல் இருப்பதே முறை. விபத்து விமானம் என்பதற்காகவே கூடுதல் விலைக்கு விற்பவர்களை எனக்குப் பிடிக்காது.

எம்டி-11 எச்பி-ஐடபிள்யூஎஃப், ‘வோ’ மாநிலத்தின் பெயர் கொண்டது, இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. 1998 செப்டம்பர் 2 இரவு நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குப் பறந்த அந்த விமானம் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. 229 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கனடியப் புலனாய்வாளர்கள் நாலு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்கள். கடலடியிலிருந்து எடுத்த துண்டுகளை, விமானத்தின் முன்பகுதி வடிவில் செய்த உலோகச் சட்டத்தில் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் பொருத்தினார்கள். தீ எங்கே தொடங்கியது, எப்படிப் பரவியது என்று அந்த உருவத்தைப் பார்த்தே கண்டார்கள். விமானி அறைக்கு மேலே கூரைக்குள் ஒரு மின்கம்பியில் பொறி. அருகிலிருந்த காப்புப் போர்வையின் மேலுறை தீப்பற்றக் கூடியதாக இருந்தது. அந்த ரகப் போர்வையை விமானங்களிலிருந்து அகற்றும் உத்தரவுகள் இதிலிருந்து வந்தன. அவர்கள் கட்டியதும் ஒரு மாதிரிதான், 1:1 அளவில். ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காக அதன் உருவத்தை மறுபடி கட்டுவது என்ற வேலையின் உச்சம் அது.

1:1 அளவில் இன்னொன்று லூசெர்ன் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. சுவிஸ்ஏர் வண்ணத்தில் நிற்கும் லாக்ஹீட் ஒரையன், உலகில் எஞ்சியிருக்கும் ஒரே ஒரையன். ஆனால் அது சுவிஸ்ஏருக்காக ஒருநாளும் பறந்ததில்லை. அமெரிக்காவில் ஷெல் எண்ணெய் நிறுவனத்துக்காக ஜிம்மி டூலிட்டில் ஓட்டிய விமானம் அது. சுவிஸ்ஏரின் சொந்த ஒரையன்கள் இரண்டும் மறைந்துவிட்டதால், 1970களில் இதை வாங்கிச் செப்பனிட்டு, இல்லாத விமானத்தின் வேடத்தைப் பூசினார்கள். கண்டிப்பாகப் பார்த்தால், டூலிட்டிலின் விமானத்துடைய சொந்த வரலாறு அந்தச் சிவப்புப் பூச்சுக்குள் மறைந்துபோயிற்று. இருந்தாலும், ஒரையனின் முன் நிற்கும் ஒருவர் 1932-இன் வேகத்தைப் புரிந்துகொள்ள வேறு வழியில்லை. அருங்காட்சியகம் செய்ததைத்தான் சேகரிப்பாளர் பத்து சென்டிமீட்டரில் செய்கிறார், அதே சங்கடத்தோடு.

மாதிரிகளால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது: சுவிஸ்ஏர் ஏன் செத்தது என்பது. விமானங்களில் குறை ஒன்றும் இல்லை. 1992 டிசம்பர் 6 வாக்கெடுப்பில் சுவிஸ் மக்கள் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர மறுத்தார்கள், மறுத்தவர்கள் 50.3 சதவீதம். ஐரோப்பிய வானம் திறந்துவிடப்பட்ட காலத்தில் சுவிஸ்ஏர் வெளியே நின்றது. கேஎல்எம், எஸ்ஏஎஸ், ஆஸ்திரியன் நிறுவனங்களோடு ஒன்றாகும் முயற்சி 1993 நவம்பரில் முறிந்தது. பிறகு மெக்கின்ஸி ஆலோசனையோடு ‘வேட்டைக்காரன்’ என்று பெயரிட்ட திட்டம் வந்தது. பெல்ஜியத்தின் சபேனாவில் ஏற்கெனவே வாங்கியிருந்த 49.5 சதவீதத்தோடு, ஜெர்மனியின் எல்டியூ, பிரான்ஸின் ஏஓஎம், ஏர் லிபர்ட்டே, போலந்தின் எல்ஓடி, தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் என்று பங்குகளை வாங்கிக் குவித்தார்கள். வாங்கியவற்றில் பல நட்டத்தில் ஓடியவை. 2000-ஆம் ஆண்டின் நட்டம் மட்டும் 290 கோடி பிராங்க் அளவுக்குப் போயிற்று. 2001 செப்டம்பர் 11-க்குப் பின் பயணிகள் குறைந்தார்கள், கடன்காரர்கள் கதவைத் தட்டினார்கள். அக்டோபர் 2 அன்று எரிபொருளுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் விமானங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அரசு பணம் கொடுத்து அடுத்த வசந்தம் வரை பறக்க வைத்தது. சபேனா அந்த நவம்பரிலேயே திவாலாயிற்று. நிர்வாகிகள் மீதான வழக்கில் 2007-இல் குற்றம் சாட்டப்பட்ட 19 பேரும் விடுதலையானார்கள்.

இதில் எதற்கும் வண்ணமோ வடிவமோ கிடையாது. பங்குப் பத்திரத்தை வார்க்க முடியாது. அலமாரியில் சுவிஸ்ஏரின் பக்கத்தில் சபேனா, எல்டியூ, ஏஓஎம் மாதிரிகளையும் வைக்கும் சில சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்தது. நிறுவனத்தின் அழகை மட்டும் வைக்காமல், அதை மூழ்கடித்த சுமையையும் அதே அளவுவிகிதத்தில் வைக்கிறார்கள். சுவிஸ்ஏரின் எம்டி-11 ஒன்று, அடுத்து வந்த சுவிஸ் நிறுவனத்தின் வண்ணத்திலும் பிறகு ஃபெட்எக்ஸ் சரக்கு விமானமாகவும் மாறியதை மூன்று மாதிரிகளில் காட்டுகிறவர்களும் உண்டு. நிறுவனம் செத்தபின்னும் உலோகம் வேலை செய்துகொண்டிருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

சிறு விமானங்களுக்கும் ஆயுள் உண்டு. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கொஞ்சம் கலந்துவிட்டாலும், ஆண்டுகள் போகப்போக உலோகத்தின் உள்மணிகளுக்கு இடையே அரிப்பு ஓடும். முதலில் வண்ணத்தில் கொப்புளம், பிறகு மயிரிழை வெடிப்பு, கடைசியில் இறக்கை கையில் பொடியும். ஈரப்பதம் இதை விரைவாக்கும். வந்தபின் மருந்தில்லை. வெயில் பட்டால் வெண்மை மஞ்சளாகும், ஒட்டுப்படத்தில் செய்த எழுத்துகள் உரியும். அதனால் மாதிரியை வைத்திருப்பதோடு, எந்தப் பட்டறை, எந்த அச்சு, எந்தப் பதிவெண், அந்த வண்ணம் சரி என்பதற்கு எந்தத் தேதியிட்ட படம் ஆதாரம் என்று ஒரு சீட்டில் எழுதி வைப்பது அவசியம். உலோகம் போனாலும் சீட்டு நிற்கும். சீட்டில்லாத சேகரிப்பு உரிமையாளரோடு போய்விடும்.

இந்தச் சீட்டுகளுக்கான ஆதாரம் இன்று பெருமளவில் ஒரே இடத்தில் இருக்கிறது. சுவிஸ்ஏரின் நிழற்படத் தொகுப்பு சூரிக் ஈடிஎச் நூலகத்தின் படக் காப்பகத்துக்கு வந்தது. ஆயிரக்கணக்கான படங்களில் எந்த விமானம், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற குறிப்பே இல்லை. நூலகம் ஓய்வு பெற்ற சுவிஸ்ஏர் ஊழியர்களையே உதவிக்கு அழைத்தது. விமானிகளும் பழுதுபார்ப்பவர்களும் பணிப்பெண்களும் உட்கார்ந்து, படம் படமாகப் பார்த்துத் தெரிந்ததை எழுதிக்கொடுத்தார்கள். வேலை செய்த இடம் மறைந்துபோனவர்கள் அதன் வரலாற்றுக்குத் தாங்களே சாட்சி சொன்ன வேலை அது. மற்ற நாடுகளின் மறைந்த நிறுவனங்களுக்கும் யாராவது இதைச் செய்தாக வேண்டும், அந்தத் தலைமுறை இருக்கும்போதே.

ஆனால் 1930களைப் பற்றிச் சாட்சி சொல்ல ஆளில்லை. காண்டோர் சிஎச்-170, 1934 ஜூலை 27 அன்று ஜெர்மனியின் டுட்லிங்கன் அருகே இடியும் மழையுமான வானில் இறக்கை முறிந்து விழுந்தது. 12 பேர் இறந்தார்கள். வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத நெல்லி டீனரும் அவர்களில் ஒருவர். அச்சு கிடையாது என்பதால் இந்த விமானம் வேண்டுமென்றால் வரைபடத்தை வைத்துக் கையால்தான் கட்ட வேண்டும். 1:72-இல் சுமார் இருபதரை சென்டிமீட்டர் நீளம், இறக்கை முப்பத்தைந்து. மரத்தில் உடலைச் செதுக்குவதும் இரட்டை இறக்கைகளுக்கு இடையே கம்பி இழுப்பதும் பழகிய கைகளுக்குச் சிரமமில்லை. தயக்கம் தூரிகையை எடுக்கும்போதுதான் வரும். படங்கள் கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்தில் புழங்கிய ஒருவகைப் படச்சுருளுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது, எனவே சிவப்பு கறுப்பாகப் பதியும். வேறுவகைச் சுருளில் அதே சிவப்பு சாம்பலாக வரும். படத்தில் கருமையாகத் தெரியும் பட்டை உண்மையில் கறுப்பா, சிவப்பா என்று சொல்ல, எந்தச் சுருளில் எடுத்த படம் என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு அதே படத்தில் நிறம் தெரிந்த பொருள் ஏதாவது இருக்கிறதா, ஒரு கொடி, ஒரு சீருடை, எரிபொருள் நிறுவனத்தின் பலகை, என்று தேடுவார்கள். ஒன்று கிடைத்தால் பட்டைக்கு நிறம் கிடைக்கும். கிடைக்காதவரை காண்டோரைப் பூசாமல் மரமாகவே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.